ஜப்பான் தோட்டத்தில் பெண் பார்த்த கதை

பிராண்டே, டென்மார்க்
15.10.1986

அன்பு மகன் தேவராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தம்பி சிவானந்தனும் நல்ல சுகம், என்னுடைய வலது முழங்கால் மட்டும்தான் எங்களோடு கோபம். அதுபோல நீயும் அங்கே சாம்பியாவில் காய்ச்சல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். உச்சியைப் பற்றிப் பிறகு வருகிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பொம்பிளை பார்த்தாச்சோ, ஓமோ இல்லையோ, ஒரு சொல்லில் எழுதுங்கோ என்று கேட்டிருக்கிறாய். ஒரு சொல்லில் எழுத இது என்ன தந்தியா? நான் உன்னைப் பத்து மாதம் சுமந்தேன், நீ எனக்காகப் பத்துப் பக்கம் வாசி. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற கள்ளப் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது, புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்தவன்தானே நீ, இப்போது மற்றப் பிள்ளைகளின் காதை முறுக்குகிறாய். இதில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது, முதலில் இருந்து வா.

முதலில் உன் படம். ஆவணியில் நீ அனுப்பியது. பின்பக்கத்தில் அண்மையில் எடுத்தது என்று வடிவாக எழுதியிருந்தாய். மோனை, நீ அந்தப் படத்தில் சாய்ந்து நிற்கிற சுவர் என்னுடைய சுவர். அதில் இருக்கிற எண்ணெய்க் கறை என்னுடைய தலை பட்டு வந்த கறை. நீ ஆபிரிக்காவுக்குப் பயணம் போன அன்று காலையில் உன்னைப் பெற்ற கொப்பர் அயல்வீட்டுக் கமராவை இரவல் வாங்கி, மூன்று தரம் பிழைத்து, நாலாம் தரம் எடுத்த படம் அது. அதை எனக்கே திருப்பி அனுப்பி அண்மையில் எடுத்தது என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், அதைப் பூசணிக்காய் வளர்த்தவளிடமே மறைக்கிறவனை இப்போதுதான் காண்கிறேன். ஏன் மறைத்தாய் என்றும் எனக்குத் தெரியும். உன்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நிக்கலஸ் போன வருடம் இங்கே பிரெடெரிசியாவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் எங்களிடம் சாப்பிட வந்தபோது, என் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நல்லாய் இருக்கிறார் அன்ரி, முன்பக்கம் மட்டும் முழுக்க வெளிச்சுப் போச்சு, தொப்பி இல்லாமல் வெளிக்கிடமாட்டார் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பெற்ற பிள்ளையின் தலை எப்படி இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லித்தானே தெரியவேண்டி இருக்கிறது. இருந்தாலும் நானும் கள்ளிதான், அந்தப் படத்தை ஒன்றும் பேசாமல் தரகரிடம் கொடுத்தேன். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தை முடி என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், என்னுடைய பங்குக்கு ஒன்று.

தரகர் என்றால் அல்பேட். உனக்கு அவரைத் தெரியாது. ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர், இங்கே தளபாடத் தொழிற்சாலையில் வேலை. சைவப் பிள்ளைகளுக்கு வேதக்காரர் கலியாணம் பேசுவதா என்று கேட்காதே. நான் அறிய இந்த ஊரில் கார் வைத்திருக்கிற ஒரே தமிழர் அவர்தான், கார் இல்லாமல் இங்கே வெங்காயம் வாங்கவும் முடியாது, ஆகவே கார் வைத்திருக்கிறவன்தான் தரகன். பெண் ஹோர்சன்ஸில் இருக்கிற சுசீலாதேவி. தாய் தகப்பன் ஊரில். அண்ணன் தவராஜாவோடு இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள், வயோதிபர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை, டெனிஷ் பொரிந்து தள்ளுகிறாள் என்று சொன்னார். வயது இருபத்தேழு என்றும் சொன்னார். சாதகம் பொருந்தியது. இனிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் எங்கே வைத்துப் பார்க்கிறது? பொம்பிளை பார்க்கிறது கோயிலில்தானே. இரண்டு பகுதியும் தற்செயலாகக் கும்பிட வந்ததுபோல வந்து, வீதியிலே சந்தித்து, ஆ நீங்களோ என்று வாயைப் பிளந்து, கடைக்கண்ணால் அளந்துவிட்டுப் போவது. பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை, நாங்கள் சாமியைத்தான் பார்க்கப் போனோம். இங்கே சாமிக்கு எங்கே போவது? இந்த நாட்டில் எங்களுக்கென்று ஒரு கோயிலும் இல்லை, என் பிள்ளையார் குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வீட்டுக்கு அழைத்தால் நாளைக்கே டென்மார்க் முழுக்கத் தெரிந்துவிடும். அல்பேட் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிராண்டேக்கு வெளியே ஒரு டெனிஷ்காரர் தன்னுடைய காணியில் ஜப்பான் தோட்டம் ஒன்று செய்து வைத்திருக்கிறார், ஞாயிறில் சனம் பார்க்கலாம், அது கோயில் மாதிரித்தான் அன்ரி, குளம் இருக்கு, கல்விளக்கு இருக்கு, ஒருதரும் சத்தம் போட ஏலாது என்றார். சத்தம் போடாத இடம் எப்படிக் கோயிலாகும் என்று அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஐந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டோம். அல்பேட்டின் காரில் ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருக்கிறது, மற்றப் பக்கத்தால்தான் எல்லாரும் ஏறி இறங்க வேண்டும். நான் மயில்கழுத்துப் பட்டுச்சேலை, அதற்கு மேல் தம்பியின் பழைய குளிர் ஜக்கெற், காலில் ஊத்தைச் சப்பாத்து, கையில் உழுந்து வடைப் பெட்டியும் பிளாஸ்கும். உன் தம்பி ஒரு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, தனக்குப் பெண் பார்ப்பதுபோல வெட்கப்பட்டான். அவனுடைய கஷ்டமும் விளங்குகிறது, மூத்தவன் நீ முடிக்காமல் அவன் முடிக்க ஏலாது. போய் இறங்கினால் ஊசியிலை மரக் காட்டுக்கு நடுவே ஒரு மூங்கில் படலை. வாசலில் பௌல் என்று ஒரு வயதானவர், முப்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். தோட்டம் முழுக்கத் தன் கையால் பதினொரு வருடம் செய்தாராம். நீங்கள் ஜப்பானில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று தம்பியைக் கேட்கச் சொன்னேன். அந்த மனிசன் ஜப்பானுக்குப் போனதே இல்லை! எல்லாம் புத்தகத்தில் படம் பார்த்துச் செய்ததாம். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துக்கொண்டது, படத்தை மட்டும் பார்த்து ஒரு காரியத்தில் இறங்குகிற ஆள் நாங்கள் மட்டுமில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் மஞ்சள் தலைகள், நடுவிலே படலைக்கு இந்தப் பக்கம் பட்டுச்சேலையோடு நாங்கள், அந்தப் பக்கம் குங்குமப்பொட்டோடு அவர்கள். இதைத்தான் தற்செயலாகச் சந்திக்கிறது என்று அல்பேட் திட்டம் போட்டிருந்தார். ஒருவரை ஒருவர் காணாததுபோல நின்றோம்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ கேட்பாய். கிணற்றடியில் பாசி பிடித்தால் கொப்பர் சுண்ணாம்பு போட்டு உரஞ்சுவாரே, அந்தப் பாசியை இவர் தூரிகையால் தடவித் தடவி வளர்க்கிறார். குளத்தில் சிவப்பும் வெள்ளையுமாய் மீன், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ வரும், ஒருவரும் சமைப்பதில்லையாம், பெயர் வைத்திருக்கிறார்களாம். ஒரு மூங்கில் குழாய் தண்ணீர் நிரம்ப நிரம்பத் தலைகுத்தி டொக் டொக் என்று கல்லில் அடிக்கிறது, நான் நாலு தரம் யார் கதவைத் தட்டுகிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு சட்டியில் தேவதாரு மரம், நாற்பது வயதாம், என் முழங்கால் உயரம்தான். வெட்டி வெட்டியே வளரவிடாமல் வைத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வயதாகியும் காலாகாலத்தில் ஒன்றும் நடக்காமல் சட்டிக்குள் நிற்கிற இன்னொருவன் ஞாபகத்துக்கு வந்தான். கோபிக்காதே ராசா, உண்மைதானே.

இனித்தான் விசயம். குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை, அம்புக்குறி போட்டிருக்கிறது, அது எதிர்ச்சுற்றாகப் போகச் சொல்கிறது. நான் ஐம்பத்தெட்டு வயதுவரை எதையும் வலமாகத்தான் சுற்றியவள், ஒரு நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் எதிர்ச்சுற்று நடப்பேனா? அல்பேட் அன்ரி அன்ரி என்று பின்னால் வர, நான் என் வழியில் நடந்தேன். அவர்கள் அம்புக்குறிப்படி வந்தார்கள். குளத்தின் நடுவே ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய பலகைப் பாலம், அதுவும் நேராக இல்லை, கோணல்மாணல். பேய் நேராகத்தான் நடக்குமாம், கோணலில் தண்ணீருக்குள் விழுந்துவிடுமாம், அதற்காக அப்படிக் கட்டுகிறார்களாம். பனையிலே ஏறி இறங்குகிற எங்கள் ஊர்ப் பேயைக் கண்டிருந்தால் அவர்கள் அந்தப் பலகைக்குச் செலவழித்திருக்கமாட்டார்கள். அந்தப் பாலத்தின் நட்டநடுவில் இரண்டு பகுதியும் முகத்துக்கு முகம் வந்து நின்றோம். திட்டப்படி தவராஜா, ஆ நீங்களும் வந்தனீங்களோ என்று கேட்க வேண்டும். மனிசனுக்கு வாய் கட்டிப்போயிற்று. நான் திரும்பமாட்டேன், வலம் வருகிறபோது திரும்பினால் சகுனம் என்னாவது? அவர் திரும்பமாட்டார், அம்புக்குறி அவர் பக்கம். அவர்களுக்குப் பின்னால், பாலத்தடியில், ஒரு டெனிஷ் குடும்பம் தள்ளுவண்டியோடு காத்து நிற்கிறது. அப்போது அவருக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். அண்ணை நாங்கள் திரும்புவம், அவவுக்குக் கால் ஏலாது, பாத்தா விளங்கேல்லையோ என்றது. ஒருக்களித்து அண்ணனை முதலில் போகவிட்டு, தானும் திரும்பி எனக்கு முன்னால் மெல்ல மெல்ல நடந்தாள். பெண்ணின் முகத்தைப் பார்க்கப் போன நான் ஒரு பின்னலையும் முதுகையும்தான் பார்த்தேன், ஆனால் அந்த முதுகு எனக்காக நடையைக் குறைத்துக்கொண்டு போனது.

பாலம் முடிந்த இடத்தில் பெரிய முற்றம் போல வெள்ளை மணல், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கல். பக்கத்தில் ஒரு சிறிய பலகை, அதில் சப்பாத்துப் படம் போட்டுச் சிவப்புக் கோட்டால் வெட்டியிருந்தது. பிறகென்ன, சப்பாத்தைக் கழற்று என்கிறார்கள், கோயில் வீதி வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த நாட்டுக்கு வந்து இப்படி ஒரு மணலை நான் கண்டதில்லை, அதுவும் யாரோ திருவிழாவுக்குக் கூட்டியதுபோல வரிவரியாய். முழங்கால் வேறு உயிர் போகிறது. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, ஒரு பத்துப் பன்னிரண்டு அடி நடந்து, நடுவிலே வசதியாய் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, வடைப் பெட்டியைத் திறந்தேன். வாருங்கோ, இருந்து சாப்பிடுங்கோ என்று எல்லாரையும் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அல்பேட் வாயில் கை வைத்தபடி நிற்கிறார். பௌல் அங்கிருந்து ஓடிவந்து கரையில் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்தார். அந்த மணலில் மனிசர் கால் வைக்கக் கூடாதாம்! அது மணல் இல்லையாம், கடலாம். கல்லெல்லாம் தீவாம். அவர் கிழமைக்கு ஒருநாள் விடிய எழும்பி மூன்று மணித்தியாலம் அந்த வரியைப் போடுகிறாராம், பார்க்கிறதற்கு மட்டும். நான் பதினொரு வருடக் கடலைக் கடந்து போய் நடுவில் இருந்து வடை தின்கிறேன்.

மற்றவர்களின் குணத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். உன் தம்பி நான் பெறாத பிள்ளை மாதிரி மீனை எண்ணிக்கொண்டு நின்றான். தவராஜா பத்தடி தள்ளிப் போய் அந்தச் சட்டி மரத்தைக் கையைக் கட்டி ஆராய்ந்தார். தெரியாதவர்கள் போல வந்த ஆட்கள் இப்போது உண்மையாகவே தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். எழும்பிப் போவோம் என்றால் முழங்கால் பூட்டிவிட்டது, அசையவில்லை. சிரிப்பும் வருகிறது, வெட்கத்தில் கண்ணீரும் வருகிறது, கையில் கடித்த வடை. உன் கலியாணத்துக்கு நானே மண் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன், மோனை. நாலு சம்பந்தம் பேசிக் குழம்பியது, ஐந்தாவதைக் குழப்ப நான் ஒருத்தி போதும்.

சுசீலா பௌலோடு என்னவோ டெனிஷில் கதைத்தாள். அவர் முதலில் தலையை ஆட்டவில்லை, பிறகு சிரித்துவிட்டார். நீளப் பிடி போட்ட ஒரு பெரிய மரச் சீப்பை எடுத்துக் கொடுத்தார், மணலை வாருகிற சீப்பு. அவள் சப்பாத்தைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். எழும்பாதேங்கோ அன்ரி, அப்பிடியே இருங்கோ, கல்லு இருக்கிற இடத்திலை சுத்திவரத்தான் இழுக்கிறதாம், நேராய் இழுக்கிறேல்லையாம் என்றாள். என்னைச் சுற்றி வட்டமாக வாரத் தொடங்கினாள்! நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறேன், அவள் என்னை வலம் வருகிறாள். நீங்கள் இருக்கிற இடத்திலை ஒரு கல்லு குறையுது எண்டு அவர் கனகாலமாய் யோசிச்சவராம் என்று சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். மாநிறம், நெற்றி அகலம், முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கிறது, சிரித்தால் மறைக்கிறதில்லை.

முதல் வட்டம் எனக்குக் கிட்ட. அதில் முழங்காலுக்கு என்ன எண்ணெய் பூசுறியள் என்று கேட்டாள். இரண்டாம் வட்டத்தில், படம் எப்ப எடுத்தது அன்ரி என்று மெதுவாகக் கேட்டாள். அண்மையில் என்றேன், உன்னுடைய கையெழுத்தை நம்பி. சீப்பு மட்டும் கரகர என்றது. மூன்றாம் வட்டம் இன்னும் தள்ளி, அதனால் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. அவரின்ரை தலைக்குப் பின்னாலை ஒரு கலண்டர் தொங்குது அன்ரி, பத்தொன்பதைத் தலைமயிர் மறைச்சுப் போட்டுது, எழுபத்தொன்பது வடிவாய்த் தெரியுது என்றாள். கெட்டித்தனத்தைப் பார், தேவராசா. அந்தப் படத்தை நான் எத்தனை நூறு தரம் பார்த்திருப்பேன், உன் முகத்தைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் பட்டதில்லை. பொய் சொன்ன ஆள் எழும்பி ஓட முடியாத இடத்தில் இருத்திவைத்துக் கேட்கிறாள், நான் எங்கே போவேன்? சொல்லிவிட்டேன். பிள்ளை, அது ஏழு வருசத்துக்கு முந்தின படம், இப்ப அவனுக்கு முன்பக்கம் மயிர் இல்லையாம் என்றேன். அவள் சீப்பை நிறுத்தினாள். இல்லையாமோ? ஏன் அன்ரி, நீங்கள் பாக்கேல்லையோ என்று கேட்டாள். நான் பார்த்து ஏழு வருடம் என்றேன். தகப்பன் செத்தவீட்டுக்கும் அவனால் வர முடியவில்லை, பிறகு ஊரில் சண்டை மூண்டு நாங்கள் இங்கே வந்துவிட்டோம் என்றேன். இவ்வளவையும் மணலுக்கு நடுவில் இருந்து ஒரு பிறத்தியாளுக்கு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அடுத்த வட்டத்தைத் தொடங்கினாள்.

ஐந்தாவதோ ஆறாவதோ வட்டத்தில் அவள் நல்ல தூரம். அங்கிருந்து, அன்ரி எனக்கும் இருபத்தேழில்லை, முப்பத்தொண்டு என்று கத்திச் சொன்னாள். தோட்டம் முழுக்கக் கேட்டது. தவராஜா மரத்தை விட்டுத் திரும்பினார். அல்பேட் ஐயோ என்று தலையில் அடித்து, பிள்ளை ஆயிரம் பொய் சொல்லித்தான் ஒரு கலியாணம், நீயேன் இப்ப அவிழ்க்கிறாய் என்றார். ரெண்டுதானே அல்பேட் அண்ணை குறைஞ்சது, மிச்சத்தை வேறை ஆருக்கும் பாவியுங்கோ என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வடை புரைக்கேறியது. தவராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கலண்டரைக்கூட மறைக்கத் தெரியாத ஆக்களோடை எனக்குச் சம்பந்தம் வேண்டாம், ஜேர்மனியிலை ஒரு மாப்பிள்ளை பகுதி கேட்டபடி இருக்கினம், தைக்குள்ளை முடிவு சொல்லவேணும் என்று வெடித்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தங்கையை ஊர் பேர் தெரியாத கண்டத்துக்கு அனுப்புகிறவனுக்குப் படம் ஒன்றுதானே பிடி, அதுவும் பொய்யென்றால் அவன் எதைப் பிடிப்பான்?

என்னை வெளியே எடுக்க பௌல் ஒரு நீளப் பலகை கொண்டுவந்து போட்டார், வட்டம் கலையக் கூடாதாம். போடுவதற்கு முன்னே வீட்டுக்குள் ஓடிப்போய், அப்போதே படம் வெளியில் வருகிற ஒரு கமராவைக் கொண்டுவந்து ஒரு படம் எடுத்தார். அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் ஜக்கெற்றும் வடையுமாய் இருக்கிற கல்லு உன் அம்மா. பக்கத்தில் சீப்போடு, பின்னல் அவிழ்ந்து, சேலைக்கரை மண்ணாய் நிற்கிறவள் சுசீலா. பௌல் ஐந்து வடை தின்றார், பேத்திக்கு என்று இரண்டை மடித்து எடுத்தார். மழை வரும்வரை அந்த வட்டத்தை அழிக்கமாட்டாராம், நடுவில் நான் இருந்த பள்ளம் உட்பட. வருகிற வருடம் அந்த இடத்தில் ஒரு கல்லு வைக்கப் போகிறாராம். ஜப்பானிலும் இல்லாத ஒரு தீவு என்னால் உண்டாகியிருக்கிறது என்று உன் பள்ளிக்கூடத்தில் சொல்லு.

காருக்குள் ஏறமுன் அவள் என்னிடம் வந்தாள். அண்ணன் கூப்பிடக் கூப்பிட நின்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை அன்ரி. இந்த மாதக் கலண்டருக்குப் பக்கத்திலை, தொப்பி இல்லாமல் நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. மயிர் எனக்குத் தேவையில்லை, வாருறதுக்கு மணல் இருக்கு. இருக்கிறதை இருக்கிறபடி காட்டுற ஆள் எண்டால், எங்கை இருக்கிறது என்ன செய்யிறது எல்லாம் பிறகு கதைக்கலாம். அண்ணையைத் தைவரைக்கும் நான் பாத்துக்கொள்ளுறன். இதுதான் அவளுடைய பேச்சு. பௌல் எடுத்த படத்தின் பின்னால் அன்றைய திகதியைத் தன் கையாலேயே எழுதித் தந்தாள், திருப்பிப் பார், அண்மையில் எடுத்தது என்று ஒருவரும் எழுதத் தேவையில்லை. அவளுக்கு உன்னைப் பிடித்ததா என்று நீ கேட்பாய், எனக்கென்ன தெரியும், நீதான் இன்னும் அவளுக்கு முன்னால் வரவில்லையே. எனக்கு அவளைப் பிடித்தது, அதை மட்டும் எழுதலாம். திரும்பி வரும்போது காரில் அல்பேட் இனித் தரகு வேலையே வேண்டாம் என்று சத்தியம் பண்ணினார், மறுநாள் காலையில் தம்பிக்கு ஒரு சாதகம் கொண்டுவந்தார்.

மற்றப்படி புதினம் ஒன்றுமில்லை. சிவானந்தன் கார் ஓடுகிற சோதனையில் இரண்டாம் தரமும் கோட்டைவிட்டான், நிறுத்தச் சொன்ன இடத்தில் ஓடினானாம், ஓடச் சொன்ன இடத்தில் யோசித்தானாம். என்னுடைய டெனிஷ் வகுப்பில் முதல் புத்தகம் முடிந்தது, கடையில் போய் வெங்காயம் கேட்கிறேன், அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டால் ஓடிவந்துவிடுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது, ஐந்து மணிக்கு முகம் கறுக்கிற வானம். நீ தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மலேரியாக் குளிசையை மறக்காதே. தலைக்கு அந்த எண்ணெய் இந்த எண்ணெய் என்று ஊரார் சொல்கிறதையெல்லாம் பூசிக்கொண்டு திரியாதே, போனது போகட்டும். பக்கத்து மயிரை இழுத்து நடுவில் ஒட்டுகிற கூத்தும் வேண்டாம், படத்தில் அதுவும் தெரியும். கொப்பருக்கும் நாற்பதில் போனதுதான், நான் அந்தத் தலையோடுதான் குடும்பம் நடத்தினேன், ஒரு குறையும் வரவில்லை.

மோனை, உன்னைச் சிரிக்கவைக்கத்தான் இவ்வளவும் எழுதினேன், ஆனால் ஒன்று கேட்கிறேன், அதைச் சிரிக்காமல் கேள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கடைக்குப் போ. பெரிய எழுத்தில் மாதமும் வருடமும் போட்ட கலண்டராய்ப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நில். வெட்கமாயிருந்தால் கண்ணை மட்டும் மூடிக்கொள், தலையை மூடாதே. அந்தப் படத்தில் இரண்டு பிரதி எடு. ஒன்று அவளுக்கு. அவள் முப்பத்தொரு வருடம் உன்னைக் காணாமல் இருந்தவள், தைவரைக்கும் பொறுப்பாள். மற்றது எனக்கு அனுப்பு. அவள் ஓமென்றாலும் சரி, இல்லையென்றாலும் சரி, எனக்கு அனுப்பு. இப்போது உன்னைத் தெருவில் கண்டாலும் நான் அடையாளம் காணாமல் போய்விடுவேனோ என்று பயமாயிருக்கிறது, ராசா.

எங்கள் பிள்ளையார் உன் கூடவே நிற்பார். நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க, பக்கத்தில் ஒரு துணையோடு நீ நீடு வாழ வேண்டும். இரண்டு பிரதி, மறவாதே.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
பவளராணி